மறுகாலுக்குக் கீழே ஒரு துப்புரவான வீடு

கொடைக்கானல் ஏரி நிறைந்தால் தண்ணீர் வெளியேறுகிற மறுகாலுக்குக் கீழே, ஓடையை ஒட்டி ஏழு வீடுகள் இருக்கின்றன. ஏரியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நாலாவது வீடு ஜோசப்பினுடையது. மிஷன் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் கடைசிவரை பாத்திரம் தேய்த்த அருளப்பன் இருந்தாரே, அவருடைய மூன்றாவது மகள். தாய் வடகவுஞ்சிக்காரி. மூத்தவர்கள் இரண்டு பேரும் ஒட்டன்சத்திரம் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனார்கள். இவள் மட்டும் மலையை விட்டு இறங்கவில்லை. அடுத்த வீட்டு டிக்சன் அருளப்பனின் கடைசித் தங்கச்சி மகன். ஜோசப்பினுக்கு அத்தை மகன் முறை, எட்டு வயது இளையவன். ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறான்.

ஜோசப்பினுக்கு ஐம்பத்தெட்டு வயது. அதில் முப்பத்தொரு வருஷம் ஏரிக்கரைக் காட்டேஜ் ஒன்றில் ரூம் சுத்தம் செய்வதிலேயே போனது. பத்து மணிக்கு ஒரு குடும்பம் காலி செய்யும், பன்னிரண்டு மணிக்கு அடுத்த குடும்பம் பெட்டியோடு வந்து நிற்கும். இடையிலே இருக்கிற இரண்டு மணி நேரத்தில், முந்தின ஆள் அங்கே தங்கினதற்கு அடையாளமே இருக்கக் கூடாது. தலையணையில் ஒரு முடி கிடந்தாலும் மேனேஜர் கூப்பிட்டுக் காட்டுவார். முப்பத்தொரு வருஷமாக ஒரு முடியும் கிடந்ததில்லை. அதுதான் அவளுடைய பெருமை. அதுவே அவளைக் கவிழ்த்தது.

ஐப்பசி மழை எட்டு நாள் விடாமல் அடித்தது. ஒன்பதாம் நாள் மத்தியானம் மறுகாலில் தண்ணீர் பாய்ந்தது. ஓடையின் இரண்டு பக்கமும் யார் யாரோ கட்டிடம் கட்டி வழியைச் சுருக்கி வைத்திருந்தார்கள்; தண்ணீர் பின்னே எங்கே போகும், ஏழு வீட்டுக்குள்ளும் புகுந்தது. ஜோசப்பின் வீட்டில் இடுப்பளவு நின்றது. மறுநாள் வடிந்தபோது முழங்கால் உயரத்துக்குச் சேறு. ஏரிப்பாசி, சிப்ஸ் பாக்கெட், யாரோ ஒரு சின்னப் பிள்ளையின் ஒற்றைச் செருப்பு.

டிக்சன் தன் சைக்கிள்கள் சேற்றில் புதைந்து கிடந்ததைப் பார்த்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்தவன்தான், எதையும் தொடவில்லை. ஜோசப்பின் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். கல்லறைத் திருநாள் வருகிறது, சேற்று வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றவா? இரண்டு நாள், பொழுது விடிந்து பொழுது சாயும்வரை அள்ளினாள். பிளீச்சிங் பவுடர் தூவி, பினாயில் ஊற்றி, சிமெண்டுத் தரையைத் தேங்காய் நாரால் தேய்த்தாள். தண்ணீர் நின்ற கோடு சுவரில் பழுப்பாகத் தெரிந்தது. பார்க்கச் சகிக்காமல் அதன்மேல் சுண்ணாம்பு அடித்தாள்.

"அக்கா, பேசாம இருங்க. கணக்கெடுக்க ஆள் வருவாங்களாம்," என்றாள் டிக்சன் பெண்டாட்டி ஷைலா.

"வரட்டுமே. வர்றவங்க கால் வைக்கிற மாதிரி இருக்க வேணாமா?"

மூன்றாம் நாள் வி.ஏ.ஓ. மனோஜ்குமார் வந்தார். புதிதாக வேலைக்கு வந்த பையன், மரியாதைக்காரன். டிக்சன் வீட்டு வாசலில் நின்றபடியே மூக்கைப் பொத்திக்கொண்டு நாலு போட்டோ எடுத்தார். ஜோசப்பின் வீட்டு வாசலுக்கு வந்தார், தரையைப் பார்த்தார், சேறு அப்பிய பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"ஏம்மா, இங்க தண்ணி வரலையா?"

"வராம? இடுப்பு வரைக்கும் நின்னுச்சு சார்."

"எங்க நின்னுச்சு? காட்டுங்க."

வெள்ளை வெளேரென்று இருந்த சுவரைக் காட்டினாள். அவர் சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நான் எதைம்மா போட்டோ எடுக்க?" என்று கேட்டுவிட்டு, 'பாதிப்பு இல்லை' என்று எழுதிக்கொண்டு பூட்ஸை மாட்டினார்.

மறுநாள் காட்டேஜில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். அங்கேயும் கீழ் ரூம்களில் தண்ணீர் ஏறியிருந்தது. ஜோசப்பின் துடைப்பத்தை எடுத்ததுதான் தாமதம், மேனேஜர் குடையோடு ஓடி வந்தார்.

"யாரும் கை வைக்காதீங்க! இன்சூரன்ஸ்காரர் வந்து போட்டோ எடுக்கணும். ஒரு பேப்பர்கூட நகரக் கூடாது!"

முப்பத்தொரு வருஷம் அடையாளத்தை அழிக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள், தங்களுக்கென்று வந்ததும் அடையாளத்தைக் காவல் காக்கிறார்கள்.

சுவர் வேலையைக் காட்டியது அதற்குப் பிறகுதான். அது கல்லும் மண்ணும் வைத்து எழுப்பிய பின்சுவர். இப்போது வெளியூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிற மகள் ஜென்சி கைக்குழந்தையாக இருந்தபோது, ஜோசப்பினின் புருஷனும் அவர் தம்பியும் சேர்ந்து கட்டியது. இரண்டு பேரும் இப்போது இல்லை. சுண்ணாம்பு கொப்பளம் கொப்பளமாகக் கிளம்பியது; சுவர் வெளிப்பக்கம் வயிறு தள்ளியது. பெருவிரலால் அழுத்தினால் உள்ளே போனது. அடுத்த மழைக்கு நிற்காது. வெள்ளச் சேதப் பட்டியலில் பெயர் ஏறினால் அரசாங்கம் சுவரைக் கட்டிக் கொடுக்கும், ஏறாவிட்டால் இல்லை.

தாலுகா அலுவலகத்துக்கு நடந்தாள். முதல் நாள், தாசில்தார் வி.ஐ.பி. பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார். இரண்டாம் நாள், சர்வர் வேலை செய்யவில்லை. மூன்றாம் நாள் ஒருவழியாக மனுவை வாங்கிக்கொண்ட அம்மாள், "தண்ணி நின்னப்ப எடுத்த போட்டோ இருக்கா?" என்று கேட்டாள்.

"என் போன் தண்ணியிலதாம்மா போச்சு."

"அக்கம்பக்கத்துல யாராச்சும் எடுத்திருப்பாங்கல்ல?"

ஏரி தளும்பியதைப் படம் எடுத்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். மறுகாலுக்குக் கீழே இறங்கி வந்து எவன் எடுத்தான்? அதற்குள் படகுத்துறையில் மறுபடி படகு ஓடியது. ஏரி ரோட்டுப் பள்ளத்துக்கெல்லாம் தார் போட்டாயிற்று. வந்தவர்கள் சோளக்கதிர் கடித்துக்கொண்டே, "இங்கயா வெள்ளம் வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டு நடந்தார்கள்.

மறுபடி வந்து பார்ப்பதாக ஒரு தேதி மட்டும் கிடைத்தது. அன்று வெள்ளனே ஷைலா வந்து நின்றாள்.

"அக்கா, ஓடையில சேறு கெடக்கு. ரெண்டு சட்டி அள்ளி வீட்டுக்குள்ள வீசுங்க. சோலி முடிஞ்சுது."

"மதினிக்கு அதெல்லாம் கை வராதுடி," என்று டிக்சன் தன் வாசலிலிருந்தே சிரித்தான். "சேத்தையும் சலிச்சுத்தான் போடும்."

"ஏலே, போய் உன் சைக்கிளக் கழுவுடா!"

ஆனாலும் போனாள். சட்டி நிறைய அள்ளி, வாசல்படி வரை கொண்டுவந்து நின்றாள். தன் வீட்டில் தானே சேறு போடுவதா? உள்ளே வந்த சேறு வந்ததுதானே, அதற்கு எதற்கு நான் பொய்ச் சேறு போட வேண்டும்? சட்டியை அப்படியே ஓடையில் கவிழ்த்துவிட்டாள்.

பதினோரு மணிக்கு மனோஜ்குமார் தன் மேலதிகாரி ஆர்.ஐ.யையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஆர்.ஐ. பெரிய ஆள், வயதானவர், அவசரக்காரர். தரையைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"இதுக்கா என்னை வரச் சொன்னீங்க? கல்யாண வீடு மாதிரி இருக்கு."

"சுவரைப் பாருங்க சார்."

"சுண்ணாம்புதான் லேசாக் கெளம்பியிருக்கு, சுவரு வெள்ளையா நிக்குதேம்மா. வெரசா முடிங்க, எனக்கு மேல்மலையில போளூர் வரைக்கும் போகணும்."

ஜோசப்பின் அடுப்படி மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்தாள்.

"அம்மா, அம்மா, என்ன பண்றீங்க?" மனோஜ்குமார் பதறினார்.

ஓங்கி ஒரு போடு போட்டாள். சுண்ணாம்புப் பூச்சு பலகையாகப் பெயர்ந்து விழுந்தது. இரண்டாவது போட்டில் உள்ளிருந்து மண் குழைந்த சோறு மாதிரி கொட்டியது, கூடவே கறுப்பாகத் தண்ணீரும் ஏரிப்பாசியும். மூன்றாவதில் ஒரு கல் உருண்டு ஆர்.ஐ.யின் காலடியில் நின்றது. அவர் துள்ளிப் பின்னால் போனார். சுவரில் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதன் வழியே ஓடை தெரிந்தது.

"இப்ப எடுங்க சார் போட்டோ!" மூச்சு வாங்கியது அவளுக்கு. "கழுவினது என் குத்தந்தான். அதுக்காகத் தண்ணி வரலைன்னு ஆயிடுமா?"

ஆர்.ஐ. குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். பாசியை விரலில் தேய்த்து முகர்ந்தார். பிறகு மனோஜ்குமாரிடம், "எழுதுப்பா. பகுதி சேதம்," என்றார்.

"பகுதியா? இன்னும் ரெண்டு போடவா சார்? முழுசா விழுந்தா முழுசுன்னு எழுதுவீங்களா?"

"கடப்பாரையக் கீழ வைங்கம்மா!" ஆர்.ஐ.க்கே சிரிப்பு வந்துவிட்டது. "பேர் ஏறிடுச்சு. முழுசா பகுதியான்னு இஞ்சினியர் வந்து பாத்துச் சொல்லுவாரு. ஆனா ஒண்ணு, அவர் வர்ற வரைக்கும் எதையும் அள்ளாதீங்க. இப்பிடியே கெடக்கணும். புரியுதா?"

"எப்ப வருவாரு?"

"வருவாரு."

பத்தொன்பது நாளாகிறது. ஓட்டையில் டிக்சன் தார்ப்பாய் கட்டிக் கொடுத்திருக்கிறான். குளிர் அதற்குள்ளும் புகுந்து வருகிறது. ஜோசப்பின் படுக்கை ஷைலா வீட்டில். இரண்டு நாளைக்கு ஒருதரம் அலுவலகத்துக்குப் போய், "இஞ்சினியர் சார் வந்தாச்சா?" என்று கேட்கிறாள். "லிஸ்ட்ல இருக்கீங்கம்மா," என்கிறார்கள்.

காலையில் வேலைக்குப் புறப்படும்போது உடுப்பு மாற்ற மட்டும் தன் வீட்டுக்குப் போகிறாள். மண் காய்ந்து தரையெல்லாம் பொடி பறக்கிறது. நேற்று காலை, வழியில் கிடந்த ஒரு மண்கட்டியைக் கால் தன்னையறியாமல் ஓரமாக ஒதுக்கிவிட்டது. வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். குனிந்து அந்தக் கட்டியை எடுத்து, முன்பு கிடந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, யாரோ தங்கிப் போன ரூமைச் சுத்தம் செய்ய ஏரிக்கரைக்கு நடந்தாள்.