என் கையில் தங்கிய குட்டி

குட்டியின் வாலடி நனைந்திருந்ததை முதலில் பார்த்தது என் மனைவி செல்வி. வீட்டுக்கு வந்து மூன்றாவது நாள். மஞ்சள் தண்ணீராகக் கழிந்திருந்தது. நான் சிறுநீர் என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். தாய் ஒதுக்கிய ஆட்டுக்குட்டியை வீட்டில் வளர்க்கும் பிள்ளைகளே, நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள்.

குட்டி என் மச்சானுடையது. செல்வியின் அண்ணன். மெர்லிமா என்ற ஊரில் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்து ஓரமாக ஆடு வளர்க்கிறார். ஒரு தாயாடு மூன்று குட்டி போட்டு, மூன்றாவதை முட்டித் தள்ளிவிட்டது. நான் வளர்க்கிறேன் என்றேன். கொட்டகையில் இருந்த எல்லார் முன்னாலும் அவர் சிரித்தார்.

“கொண்டு போங்க மாப்ள. ஆனா உங்க கையில எது தங்கியிருக்கு? கோழி தங்குச்சா, மீன் தங்குச்சா? இது ரெண்டு நாள்தான்லா. மண்வெட்டிய எடுத்து வச்சிக்குங்க.”

எங்கள் குடும்பத்தில் கைராசி பார்ப்பார்கள். எந்த நல்ல காரியத்துக்கும் என்னை முதலில் கை வைக்க விடமாட்டார்கள். நானும் கையைக் கால்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொள்வேன். அதைத் தொடங்கிவைத்தவரே மச்சான்தான். குட்டியைச் சட்டைக்குள் வைத்து மோட்டார் சைக்கிளில் வரும்போது நான் ஒன்றே ஒன்றுதான் நினைத்தேன்: இது நடந்துபோய் அவர் வாசலில் நிற்கவேண்டும். கோபம் கூடாது என்று உங்கள் டீச்சர் சொல்லிக்கொடுத்திருப்பார். நான் பொய் சொல்லமாட்டேன். தினமும் விடிகாலையில் என்னை எழுப்பிவிட்டது அந்தக் கோபம்தான்.

தப்பு நடந்ததும் அதனால்தான். சீக்கிரம் கொழுக்கவேண்டும் என்று, நாங்கள் தேத்தண்ணிக்கு ஊற்றும் இனிப்பு டின் பாலையே கெட்டியாகக் கரைத்துக் கொடுத்தேன். குட்டி வாலை ஆட்டிக்கொண்டு உறிஞ்சியது. கேட்கக் கேட்க ஊற்றினேன்.

நான்காம் நாள் காலையில் அதன் காது சில்லென்று இருந்தது. தலையைத் தூக்கவில்லை. கால்நடை அலுவலகத்தில் மலாய்க்கார டாக்டரம்மா அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். கழுத்துத் தோலைக் கிள்ளினார். கிள்ளிய தோல் அப்படியே நின்றது. நீரிழப்பு (உடம்பில் தண்ணீர் வற்றிப்போவது) என்றார். என்ன பால் கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

“பக்சிக், இது ஆட்டுக்குட்டி. தேத்தண்ணிக் கடை இல்லை” என்று மலாயில் சொன்னார். பக்சிக் என்றால் மாமா. அவர் சிரிக்கவில்லை.

முதலில் உடம்பைச் சூடாக்கவேண்டும் என்றார். வாய் சில்லென்று இருக்கும் குட்டிக்குப் பால் ஊற்றக்கூடாது, செரிக்காது. மல்லாத்தியும் ஊற்றக்கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு நாள் உப்பும் குளுக்கோஸும் கலந்த மருந்துத் தண்ணீர் மட்டும். பிறகு ஆட்டுப் பால், அளவோடு.

ஆட்டுப் பால் மச்சானின் கொட்டகையில்தான் இருந்தது. அங்கே போய்க் கையேந்தமாட்டேன் என்றேன்.

“அப்ப மண்வெட்டிய எடுங்க” என்றாள் செல்வி. “எங்கண்ணன் சொன்னதே நடக்கட்டும்.”

போனேன். தாயாட்டை அவர் பிடித்துக்கொள்ள, நான் கறந்தேன். எட்டு நாளும், காலையும் மாலையும், “இன்னும் இருக்கா?” என்று கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு கறந்தேன். கறக்கத் தொடங்கிய ஒன்பதாம் நாள் குட்டிக்குக் கழிச்சல் நின்றது. அன்று சாயங்காலம் செல்வியின் கைலியைக் கடித்து இழுத்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. மச்சான் வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்த நேரமாகப் பார்த்து, கயிறு கட்டாமல் குட்டியை நடத்திக்கொண்டு போனேன். அவர் இலையை நீட்டினார். குட்டி என் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

“சொல்லுங்க மச்சான். என் கையில எது தங்கியிருக்கு?”

கையிலிருந்த இலையை அவர் கீழே போட்டார். அடுத்த வாரம் மகனின் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுவதாகவும், நான்தான் வந்து அடுப்பைப் பற்றவைக்கவேண்டும் என்றும் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி வந்ததே இல்லை.

“எத்தன மணிக்கு மச்சான்?”

“காலைல ஆறு.”

“முடியாதுங்க. அது குட்டிக்குப் பால் நேரம்.”

செல்விதான் முதலில் சிரித்தாள். நான் போகவில்லை. மன்னிக்கவும் இல்லை.

குட்டி இப்போது பால் மறந்து புல் மேய்கிறது. என் உடம்பு இன்னும் மறக்கவில்லை. தொழிற்சாலையில் மெஷின் முன்னால் நிற்கும்போது இடைவேளையில் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பால் கொடுத்த பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் என் இடது கை தானாகக் குவிந்து, ஒரு சின்னத் தாடையைத் தாங்கக் காத்திருக்கிறது. அந்தக் கையை இப்போதெல்லாம் நான் கால்சட்டைப் பைக்குள் ஒளிப்பதில்லை.