ஐந்து தீர்மான அட்டைகளும் ஒரு மைசூர்ப் பயணமும்

சென்ற மாதம் இரண்டாம் சனிக்கிழமை எங்கள் ஊர் கௌதள்ளியிலிருந்து மைசூருக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. அதற்கு அடுத்த வாரம் எங்கள் சபையில் எனக்கு ஞானஸ்நானம். அதற்கான படிவத்தில், இயேசுவை ஏற்றுக்கொண்ட நாளை எழுத, ‘இரட்சிக்கப்பட்ட தேதி’ என்று ஒரு கட்டம். அது காலியாக இருந்தால் தண்ணீரில் இறக்க மாட்டேன் என்று பாஸ்டர் சொல்லிவிட்டார்.

தேதி இல்லாதது என் சிக்கல் அல்ல. நான்கு இருந்தன. விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஒன்று, கல்லூரி விடுதி ஜெபக் கூட்டத்தில் ஒன்று, முகாம்களில் இரண்டு. ‘எல்லாரும் கண்களை மூடுங்கள், நிச்சயம் இல்லாதவர்கள் கையை உயர்த்துங்கள்’ என்பார்கள். போன முறை சரியாக ஜெபித்தேனா என்று சந்தேகம் வரும். கை மேலே போய்விடும். உடனே ‘இன்று ஏற்றுக்கொண்டேன்’ என்று தேதியிட்ட தீர்மான அட்டை ஒன்று கிடைக்கும். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். பட்டம்கூட ஒரு தடவைதான் தந்தார்கள்.

மைசூர் விஜயநகரில் ‘இரட்சிப்பின் நிச்சயம்’ என்ற தலைப்பிலேயே ஒருநாள் முகாம் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன். காலை 5.40க்கு பஸ், கொள்ளேகாலில் மாற வேண்டும். நூறு கிலோமீட்டர், மூன்றேகால் மணி நேரம். கர்நாடக முகவரியுள்ள ஆதார் இருந்தால் பெண்களுக்கு அரசு பஸ் இலவசம். மைசூர் நிலையத்திலிருந்து ஆட்டோ 120 ரூபாய். சரியான வழிதானா என்று டிரைவரிடம் மூன்று முறை கேட்டேன். “ஏறி உக்காந்தாச்சு, சும்னே ஏம்மா டவுட்டு?” என்றார், கன்னடம் கலந்த தமிழில். அவ்வளவு நிச்சயமாகப் பேசியவர் இரண்டாவது ஸ்டேஜில் இறக்கிவிட்டார். விஜயநகரில் பகுதிகளுக்கு ஸ்டேஜ் என்று பெயர்; முகாம் நான்காவது ஸ்டேஜில். வெயிலில் இருபத்தைந்து நிமிடம் நடந்தேன்.

அங்கே பதிவுப் படிவத்திலும் அதே கட்டம். காலியாக விட்டதால் சிறுபிள்ளைகளோடு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பிரசங்கியாருக்குத் தாம் இரட்சிக்கப்பட்ட நிமிடம்கூடத் தெரியுமாம். இரண்டரை மணி நேரம் அதைத்தான் சொன்னார். பிறகு கண்களை மூடச் சொன்னார். என் கை மேலே போய்விட்டது. அந்தக் கையை என்ன செய்வதென்றே தெரியவில்லை.

கை உயர்த்தியவர்களுக்கு ஆலோசனை சொல்ல வந்த அக்கா என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். தண்ணீர்க் கேன் பக்கம் அழைத்துப் போய் டீ தந்தார். கையோடு கொண்டுவந்திருந்த நான்கு அட்டைகளையும் மேசையில் வைத்தேன்.

“இது அஞ்சாவதா? மொத கார்டை யாரு கேன்சல் பண்ணாங்க?”

“யாருமில்லக்கா. எனக்குத்தான் டவுட்டு வந்துச்சு.”

“உனக்கு டவுட்டு வந்தா இயேசு சிலுவையில செத்தது செல்லாம போயிடுமா? என்னம்மா நீ, டீ ஆறுது பாரு.”

சொல்லிவிட்டு ஐந்தாவது அட்டையையும் நிரப்பினார். ரிப்போர்ட்டுக்கு எண்ணிக்கை வேண்டுமாம்; கையெழுத்து வாங்கிக்கொண்டு அட்டையை என்னிடமே தந்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஐந்தையும் மடியில் பரப்பினேன். எல்லாவற்றிலும் என் பெயர், என் கையெழுத்து, என் தீர்மானம். இத்தனை வருடமும் நான் சோதித்துக்கொண்டிருந்தது என் கையைத்தான். ஆணி அடிக்கப்பட்டது அதில் அல்ல. பேனாவை எடுத்து ஞானஸ்நானப் படிவத்தின் கட்டத்தில் ‘ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி’ என்று எழுதினேன்.

போகிறவர்களுக்கு: எந்த ஸ்டேஜ் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கொள்ளேகாலில் மாலை 6.30 பஸ்ஸை விட்டால் நெடுநேரம் நிற்க வேண்டும். படிவத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள்.

பாஸ்டர் என் படிவத்தை வெகுநேரம் பார்த்தார்.

“எந்த வருசம்மா?”

“பொந்தியு பிலாத்து தேசாதிபதியா இருந்தப்பங்க, ஐயா.”

அவர் சிரிக்கவில்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாற்றுத்துணியோடு வரச் சொன்னார்.