கழுத்தில் கோடா, வளையமா

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் வில்லாபுரத்தில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க். சமையலறையை ஒட்டிய சின்ன அறையில், கண்ணாடி முகப்பு வைத்த மரப்பெட்டிகளில் பாம்பு வளர்த்தார். விஷப்பாம்பு எதுவும் கிடையாது. கல்யாணமான புதிதில் நான் அந்த அறை வாசலையே தாண்டமாட்டேன். அவருக்கு வெள்ளெழுத்து வந்த பிறகு, செதில்களைப் பார்த்துச் சொல்ல என் கண் தேவைப்பட்டது. அப்படித்தான் நானும் உள்ளே போனேன்.

இந்தக் கிறுக்கில் அவருக்கு ஒரே கூட்டாளி உண்டு. ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கே.கே. நகரிலிருந்து சைக்கிளில் வந்துவிடுவார். என்னைத் தங்கச்சி என்பார். இருவரும் பேசத் தொடங்கினால் இட்லி ஆறிப்போகும்.

பேச்செல்லாம் ஒரே பாம்பைப் பற்றித்தான். எலி தின்னும் சாதுவான பழுப்புப் பாம்பு. ஜனங்கள் விரியன் என்று நினைத்து அடித்துவிடுவார்கள். சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலில் கிடைப்பவற்றுக்குக் கழுத்தில் நீளவாக்கில் இரண்டு கறுப்புக் கோடுகள் இருக்கும். சிறுமலையில் இவர் பார்த்தவற்றுக்கோ கோடு இல்லை, கழுத்தைச் சுற்றினாற்போல் ஒரு கறுப்பு வளையம். மலையில் இருப்பது தனித் துணையினம் என்பது என் கணவரின் கட்சி.

"உங்க அண்ணன் மூக்கும் உன் மூக்கும் ஒண்ணாவா இருக்கு மாப்ள? அதுக்காக உன்னைத் தனி இனம்னு சொல்லலாமா?" என்று சிரிப்பார் நண்பர்.

இவர் சிரிக்கமாட்டார். அலுவலகத்தில் இவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் மேலே போய்விட்டார்கள். "நான் கண்டுபிடிச்சதுன்னு சொல்லிக்க இந்த ஒண்ணுதான் இருக்கு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு நான் அந்தக் கழுத்தைக் கேலி செய்ததில்லை.

ஒரு மார்கழியில் சிறுமலையிலிருந்து வளையம் போட்ட பெண் பாம்பு ஒன்றைக் கொண்டுவந்தார். கொடிக்கால் ஆண் பாம்பு ஒன்று ஏற்கெனவே இருந்ததால் இதைத் தனிப் பெட்டியில் வைத்தார். அதற்குக் கொஞ்ச நாளில் சோழவந்தானில் என் மாமனார் காலமானார். காரியம் முடியும்வரை நாங்கள் அங்கே தங்கினோம். பாம்புகளுக்குத் தண்ணீர் வைத்துப் பார்த்துக்கொண்டவர் நண்பர்தான். நாங்கள் திரும்பி ஒன்றரை மாதம் போல ஆனதும் அந்தப் பாம்பு முட்டையிட்டது. ஈர மணல் போட்ட சட்டியில் முட்டைகளை வைத்து, வீட்டில் குழந்தை பிறக்கப்போவதுபோல் காத்திருந்தார். எல்லாக் குட்டிக்கும் வளையம் இருந்தால் இவர் சொன்னது நிற்கும்.

முட்டைகள் பொரிந்த அன்று நண்பரும் இருந்தார். நான்தான் குட்டிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதல் குட்டிக்கு வளையம். அடுத்ததற்குக் கோடு. அதற்கடுத்ததற்கும் கோடு. ஒன்றுக்கு ஒரு பக்கம் கோடாகவும் மறுபக்கம் பாதி வளையமாகவும் இருந்தது. சொல்லச் சொல்ல இவர் முகம் செத்துப்போயிற்று. சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

நண்பர் ஜெயித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சற்று நேரம் கழித்து இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"மனசு விட்றாத மாப்ள. நீ சோழவந்தான்ல இருந்தப்ப இந்தப் பெட்டிக் கண்ணாடி உடைஞ்சுபோச்சு. புதுசு மாட்டுற வரைக்கும் இவளைக் கொடிக்கால் ஆண் பாம்போட பெட்டியில விட்டிருந்தேன். இது கலப்பா இருக்கும். உன் கட்சி தோக்கல."

ஆறுதலாகத்தான் சொன்னார். இவர் மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"வேணும்னே செஞ்சியா?"

"என்னடா சொல்ற?"

"நான் சொன்னது நிலைச்சுடக் கூடாதுன்னு சேத்து விட்டியா? இம்புட்டு நாள் ஏன் சொல்லல?"

நண்பர் என்னைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அந்தப் பெட்டியைத் துடைக்கும்போது கவனித்தேன். கண்ணாடியின் ஓரத்தில் பச்சைப் பெயிண்ட் துளிகள். போன தீபாவளிக்கு ஜன்னலுக்கு அடித்தபோது நானே சிந்தியவை. கண்ணாடி மாற்றப்படவே இல்லை. நண்பனைத் தேற்ற அந்த மனிதர் ஒரு பொய் சொல்லியிருக்கிறார்.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அண்ணே எதையும் சேத்து விடலங்க. உங்களுக்காகச் சொல்லியிருக்காரு."

துளிகளை வெகுநேரம் பார்த்தார். "அப்ப நான் சொன்னதெல்லாம் தப்புங்கிறியா?"

நண்பர் துரோகி என்றால் இவர் சொன்னது பிழைக்கும். நல்லவர் என்றால் அது செத்துவிடும். இவர் துரோகியைத் தேர்ந்துகொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் வந்து வாசலில் சைக்கிள் மணி அடித்தார். இவர் எழுந்திருக்கவில்லை. நான் கதவருகே போனபோது, "திறக்காத" என்றார். மணி இன்னொரு தடவை கேட்டது. அவ்வளவுதான்.

குட்டிகள் இரை எடுக்காமல் ஒவ்வொன்றாகச் செத்தன. தாயும் மழைக்காலத்தைத் தாண்டவில்லை. வேறொரு பெண் பாம்பைத் தேடி இவர் சிறுமலைக்குப் போனார், நானும் கூடப் போனேன். முன்பு பிடித்த ஓடைக்கரையில் வாழை போடுவதற்காகக் காட்டை வெட்டி எரித்திருந்தார்கள். சாம்பலுக்குள் கல் கல்லாகப் புரட்டினார். கை கறுத்தது, நகம் பெயர்ந்தது. கடைசி பஸ் போய்விடும் என்று நான்தான் இழுத்து வந்தேன். அதற்குப் பிறகும் பலமுறை தனியாகப் போய் வெறுங்கையோடு திரும்பினார். கடைசியில் பெட்டிகளை விறகுக்கு உடைத்தார்.

சில வருஷம் கழித்து நண்பர் மாரடைப்பில் இறந்த சேதி வந்தது. இவர் சட்டையைப் போட்டார், பிறகு கழற்றிவிட்டார். நான் மட்டும் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே வரலையா?" என்று கேட்டாள். உடம்பு சரியில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது, நான் குளிக்க இவர் வெந்நீர் போட்டு வைத்திருந்தார். எப்படி இருந்தது, யார் வந்தார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு இவர் சாப்பிடவும் இல்லை.