முள் வைத்த இடம்

சித்தன்னவாசல் குன்றின் பின்புறம் ஆடு மேய்த்தவர் அவர். நாற்பது வயதிருக்கும், தலையில் பச்சைத் துண்டு. நடக்கும்போதே எதிர்ப்படும் இலைகளின் நுனியை விரலால் நீவிப் பார்ப்பது அவர் வழக்கம். கல்லூரிக்காகச் செடி சேகரிக்கப் போன நான், பூக்காத செங்காந்தளை அடையாளம் காண முடியாமல் நின்றபோது, முள் வேலிக்குள் இருந்த ஒரு கொடியைக் காட்டினார்.

"பூவையே தேடுறீங்களே டீச்சர், எலையப் பாருங்க. நுனி சுருண்டு வெரலப் பிடிக்கும். இங்கிட்டு இது ஒண்ணுதான் இருக்கு. ஆடு தின்னா செத்துப்போகும், அதான் முள்ளு வச்சிருக்கேன்."

"பிடுங்கிப் போட்டால் வேலை முடிந்ததே?"

"நல்லாச் சொன்னீங்க! அது பாட்டுக்கு இருக்கு, அதை ஏன் புடுங்கணும்?"

கல்லூரியில் உலர்த்தித் தாளில் ஒட்டி வைக்கக் கிழங்கும் தேவை என்றேன். தயங்கினார்.

"கெழங்குக்கு ரெண்டு காலு இருக்கும். ஒண்ண எடுத்துக்கங்க, ஒண்ண விட்டுருங்க. அடுத்த மழைக்கு வந்துரும்."

ஆடுகளைத் திருப்ப அவர் நகர்ந்தார். கலப்பைபோல் கவைத்த கிழங்கு முழுதாக இருந்தால்தான் தாளில் அழகு என்று எனக்குத் தோன்றியது. இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டு குழியை மூடிவிட்டேன்.

அடுத்த ஐப்பசியில் மறுபடி போனேன். அதே இடத்தைச் சுற்றிப் புதிய முள் வைத்திருந்தார்.

"இன்னும் மொளைக்கல டீச்சர். மழை பத்தலை போல," என்றார், தவறு தம்முடையது என்பதுபோல.

அந்த ஆண்டு மழை நன்றாகவே பெய்திருந்தது. தெரிந்துதான் அப்படிச் சொன்னாரா என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. "ஆமாம், பத்தவில்லை" என்று நான் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.