மணி அடித்ததும் எழுந்தவள்

சைத்தூன் பீவிக்கு இரண்டு பிரசவமும் பினாங்கில்தான். கணவர் ஜெக்கரியா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். வேலைக்கான பர்மிட் கெடுபிடி வந்ததும் கடையை அங்கேயே பிறந்த மகனிடம் விட்டுவிட்டு, எழுபதாம் வருஷம் இருவரும் நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கிக் குடவாசலுக்கு வந்தார்கள். "உடம்புக்கு ஏதாவது என்றால் அத்தாவை இங்கே அழைத்து வந்துவிடுங்கள்" என்று மகன் கடிதத்துக்குக் கடிதம் எழுதினான்.

மறு வருஷம் தை மாதம் ஜெக்கரியாவுக்குக் குடல்வால் வெடித்தது. கப்பலில் ஏழு நாள் போகிற வலியா அது? பஸ் போகும் தூரத்தில் இருந்த சர்க்கார் ஆஸ்பத்திரியில் அன்றைக்கே வயிற்றைக் கிழித்துத் தைத்தார்கள். கட்டிலில் விரிப்பு இல்லை. டாக்டர் நிமிர்ந்து பார்த்துப் பேசவில்லை. பினாங்கில் காலையும் மாலையும் ஜுரம் பார்த்து அட்டையில் குறிப்பார்கள். இங்கே அட்டையே இல்லை. தப்புச் செய்துவிட்டோமோ என்று அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு மணி அடித்தது. பினாங்கில் மணி அடித்தால் நோயாளியைத் தவிர எல்லோரும் வெளியேற வேண்டும். அந்தப் பழக்கத்தில் அவள் உடனே எழுந்தாள். கணவரின் போர்வையைச் சரிசெய்துவிட்டு, அந்த ஊரில் இருந்த உறவுக்காரர் வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் ஓடி வந்தவளை நர்ஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மா போனீங்க? ஜுரம் ஏறி, ஊசியைப் பிடுங்கப் பாத்திருக்காரு மனுசன். நாப்பது கட்டிலுக்கு நான் ஒருத்தி!"

"மணி அடிச்சீங்களே, சிஸ்டர்."

"அது வேடிக்கை பாக்க வர்றவங்களுக்கு. கூட இருக்கிறவங்க போவாங்களா?"

ஜெக்கரியாவின் கையை யாரோ ஒரு ஆள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெயர் ஐயாவு. பக்கத்துக் கட்டிலில் தலையில் கட்டோடு கிடந்தவன் அவன் தம்பி இளையபெருமாள். அறுவடையில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காகப் பண்ணை ஆட்கள் அடித்த அடி.

"ரெண்டு பேரு குளுக்கோஸ் பாட்டிலையும் பாத்துக்கிட்டு இருந்தேம்மா. தீரப் போனா சிஸ்டரைக் கூப்பிடணும்ல? இவரு என்னமோ பாஷையில என்னைத் திட்டிக்கிட்டே இருந்தாரு."

"மலாய்க்காரப் பேச்சு. என்ன திட்டுனாருன்னு கேக்காதீங்க, தம்பி."

"நல்லவேளை, புரியல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஜெக்கரியாவின் கையைத் தான் வாங்கிப் பிடித்துக்கொண்டாள். பினாங்கில் ஜுரக்காரர் ஒருவரை இப்படிக் கவனிக்காமல் விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இரண்டாவது பிரசவத்தில் அவளும் மூன்று நாள் அந்த ஊர் ஆஸ்பத்திரியின் சுத்தமான விரிப்பில், பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லாமல் அழுதிருக்கிறாள். அங்கே எல்லாம் ஆஸ்பத்திரியின் பொறுப்பு. இங்கே கூட வந்தவர் பாடு. யாரும் வராதவன் என்ன செய்வான்? எது மேல் என்று மகனுக்கு எழுதுவது?

மத்தியானம் ஜுரம் கொஞ்சம் தணிந்தது. "ரெண்டு நாள் போகட்டும், பாப்போம்" என்றார் டாக்டர், அப்போதும் நிமிராமல்.

சாயங்காலம் வாக்குமூலம் கொடுக்க ஐயாவுவைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். போவதா வேண்டாமா என்று தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"போயிட்டு வாங்க, தம்பி. நான் இருக்கேன்."

முக்காலியை இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆறு மணிக்கு மணி அடித்தது. கால் தானாகச் செருப்பைத் தேடியது. செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அவள் இளையபெருமாளின் பாட்டிலை நிமிர்ந்து பார்த்தாள். கால்வாசிதான் இருந்தது.

"சிஸ்டர்!" என்று குரல் கொடுத்தாள்.