அக்கா பையன்

கார்த்திகை பாதியில் ஹவுஸ் ஓனர் எங்கள் போர்ஷனுக்கு வந்து, நான் போட்ட காபியையும் குடித்துவிட்டுச் சொன்னார்: "தையில எங்க பொண்ணுக்குக் கல்யாணம். வெள்ளையடிச்சு, வர்ற சொந்தக்காரங்களைத் தங்க வைக்கணும். மார்கழி பொறந்துட்டா நீங்களும் குடி போக மாட்டீங்க, என்னாலயும் போகச் சொல்ல முடியாது. அதுக்குள்ள பார்த்துக்குங்க." மார்கழியில் வீடு மாறக்கூடாது என்பதை எங்கள் மேல் உள்ள அக்கறை மாதிரியே சொன்னார். கையில் இருந்தது பதினைந்து நாள்.

மகள் ஒன்பதாவது, மகன் இரண்டாவது. இரண்டு பேருக்கும் அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நடு வருஷத்தில் எந்த ஸ்கூலும் சேர்த்துக்கொள்ளாது, ஆகவே ஸ்ரீரங்கத்தை விட்டு நகர முடியாது. கணவருக்கு மலைக்கோட்டைப் பக்கம் துணிக்கடையில் வேலை, காலையில் போனால் ராத்திரிதான். வீடு தேடுவது என் தலையில் விழுந்தது. தினமும் ஸ்கூல் விட்டதும் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தேன்.

எல்லா வீட்டிலும் ஒரே விசாரணை. எத்தனை பேர்? சைவமா? விருந்தாளிகள் அடிக்கடி வருவார்களா? எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வருவார்கள். "சின்னவன் ரெண்டாவது படிக்கிறான்" என்றதும் முகம் சுருங்கிவிடும். ஓர் அம்மாள், "எங்க ரெண்டு பேருக்குமே பிரஷர்ங்க, சத்தம் ஆகாது" என்றார். அவர் வீட்டு டிவி தெருமுனை வரை கேட்டுக்கொண்டிருந்தது. குழந்தை வரம் கேட்டுக் கோயில் கோயிலாக ஏறி இறங்குகிறோம். வாடகைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் குழந்தை இருக்கக்கூடாது.

ஏழாவதாகப் பார்த்தது ஒரு மாடி போர்ஷன். ஸ்கூலுக்கு நடந்தே போய்விடலாம். ஓனர் அம்மாள் புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரைக் காட்டினார். "முன்னாடி இருந்தவங்க பசங்க செவுரு பூரா கிறுக்கி வெச்சிருந்தாங்க. உங்களுக்குச் சின்னப் பசங்க இல்லையே?"

"ஒரே பொண்ணுதாங்க. பெரியவ" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

"அப்ப இந்தப் பையன்?"

"எங்க அக்கா பையன். உறையூர்."

என் விரல்களைப் பிடித்திருந்த கை இறுகியது. அண்ணாந்து என்னைப் பார்த்தான்.

தெருவுக்கு வந்த பிறகுதான் கேட்டான்: "அப்ப இனிமே உன்னைச் சித்தின்னு கூப்பிடணுமாம்மா?"

அது எனக்கே தோன்றியிருக்கவில்லை. "தை வரைக்கும்தான்டா. நல்லபடியாக் குடி வந்துட்டா அப்பறம் போகச் சொல்ல மாட்டாங்க. விளையாட்டு மாதிரி வெச்சுக்க" என்றேன். பெற்ற பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்கினவள் என்று யார் வேண்டுமானாலும் என்னைத் திட்டலாம். திட்டுகிறவர்கள் முதலில் ஒரு வீடு பார்த்துக் கொடுக்கட்டும்.

கார்த்திகையின் கடைசி நல்ல நாளில் பால் காய்ச்சினோம். ஓனர் தம்பதியும் மேலே வந்தார்கள். நானும் கணவரும் மகளும் அடுப்படியில் நிற்க, மகன் என் அக்காவோடு கூடத்தில் உட்கார்ந்து, விருந்தாளி மாதிரி டம்ளரை வாங்கிக் குடித்தான். அன்று சாயங்காலமே அக்காவோடு உறையூர் போனான். தேர்வு நாட்களில் அங்கிருந்து காவிரிப் பாலம் தாண்டி டவுன் பஸ்ஸில் அக்காதான் கூட்டி வந்து விட்டாள். சனி, ஞாயிறு மட்டும் எங்களோடு இருப்பான். வந்தால் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, சுவரில் சாயாமல் உட்காருவான். மகள் அவனோடு சண்டை போடுவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

அரையாண்டு லீவு விட்டதும் வந்திருந்தான். மார்கழிக் காலை. ஓனர் அம்மாள் வாசலில் பெரிய கோலம் போட்டுக் கலர் தூவிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க ஓடியவன், கழுவி விட்டிருந்த மாடிப்படியில் வழுக்கி, நாலைந்து படி உருண்டு கீழே போய் விழுந்தான். நான் மேலே கதவருகில் நின்றிருந்தேன். முழங்கால் பிய்ந்து ரத்தம் கொட்டியது. "அம்..." என்று வாயைத் திறந்தவன், சத்தம் கேட்டுத் திரும்பிய அந்த அம்மாளைப் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"சித்தீ!" என்று கத்தினான்.

அடிபட்டால் பல் போன கிழவர்கள்கூட அம்மா என்றுதான் கத்துவார்கள்.

அன்றைக்கே அந்த அம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா, நாங்க என்ன ராட்சசங்களா?" என்றார். சொல்லியிருந்தால் வீடு கிடைத்திருக்காது. அது அவருக்கும் தெரியும். காலி பண்ணச் சொல்லவில்லை. இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

ஏனென்றால், அதற்கெல்லாம் முன்னால், படியடியில் அவனை வாரி எடுத்தபோது, அழுகையை அடக்கிக்கொண்டு என் காதில் மெதுவாகக் கேட்டான்:

"மொதல்ல வாயில தப்பா வந்துடுச்சும்மா. அவங்களுக்குக் கேட்டிருக்குமா?"