கி, கீ, ஒரு கிணறு

தமிழ்வாணி மறுபடியும் கிணற்றுக்குள் விழுந்தாள். “அடச்சே!” என்று மடிக்கணினியைத் தட்டினாள்.

விளாங்குடி வீட்டு மாடியில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு அவள் அந்த விளையாட்டில் உட்கார்ந்துவிடுவாள். அதில் படமே கிடையாது, முழுக்க எழுத்துதான். ‘நீ புளியந்தோப்பில் நிற்கிறாய். வடக்கே ஒரு மண்டபம்’ என்று வரும். ‘வ’ என்று அடித்தால் வடக்கே போகலாம். பல ஊர்க்காரர்கள் ஒரே நேரத்தில் அந்த உலகத்துக்குள் நடமாடுவார்கள். ‘சொல்’ என்று அடித்துப் பேசிக்கொள்வார்கள்.

தமிழ்வாணிக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. திரையில் வருவதைக் கணினி கடகடவென்று வாசிக்கும், அவள் கேட்டுக்கொள்வாள். ஆரப்பாளையத்தில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிற வேலை அவளுக்கு. வெளியே எங்கே போனாலும் யாராவது முழங்கையைப் பிடித்துக்கொள்வார்கள். இந்த விளையாட்டில் அந்தத் தொல்லை இல்லை. இஷ்டத்துக்குச் சுற்றினாள்.

தொல்லை வேறு வடிவத்தில் வந்தது. கிழக்கே போக ‘கி’. கீழே இறங்க ‘கீ’. சந்தைக்குப் போகக் கிழக்கே திரும்ப வேண்டிய இடத்தில்தான் கிணற்றடியும் இருந்தது. விரல் கொஞ்சம் தடுமாறினால் தண்ணீருக்குள் கிடக்க வேண்டியதுதான்.

அந்த விளையாட்டைச் செய்தவன் பாண்டிராஜ். அவனியாபுரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தான். அன்றைக்கு அவனும் விளையாட்டுக்குள் இருந்தான்.

“அண்ணே, உங்க கிணத்துல விழுந்து விழுந்து எனக்கு நீச்சலே வந்துருச்சு” என்றாள் தமிழ்வாணி.

“கொஞ்சம் பாத்து அடிங்க மேடம்.”

“பாக்க முடிஞ்சா நான் ஏண்ணே விழுறேன்? எனக்குக் கண்ணு தெரியாது. வாசிக்கிறதக் கேட்டுத்தேன் விளையாடுறேன். வேகமா வாசிக்கிறப்ப கியும் கீயும் ஒண்ணாத்தேன் கேக்குது.”

“மன்னிச்சுக்கங்க” என்றான்.

“மன்னிப்பெல்லாம் வேணாம். மேல போறதுக்கு ‘ஏறு’, கீழ போறதுக்கு ‘இறங்கு’ன்னு மாத்துங்க. அம்புட்டுத்தேன்.”

மறுவாரமே மாற்றிவிட்டான். மாற்றியதைச் சோதித்துப் பார்க்கத்தான் விட்டுவிட்டான்.

அந்த ஞாயிறு ஒரு கூட்டமே படகேறி முத்துத்தீவுக்குக் கிளம்பியது. படகுக்குக் கீழ்த்தளம் ஒன்று உண்டு, அதில் ஒரு பெட்டி. சிவகங்கையில் கணக்கு வாத்தியாராக இருக்கிற காளை என்பவர், பெட்டியைப் பார்க்கலாமென்று ‘இறங்கு’ என்று அடித்தார். ‘நீ படகை விட்டு இறங்கினாய். நடுக்கடலில் இருக்கிறாய்’ என்று வந்தது. “ஐயோ!” என்று அவர் கத்தியது மற்றவர்களுக்குப் பெட்டியைக் கண்ட ஆனந்தக் கூச்சலாகப் பட்டது. ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். என்னவென்று பார்க்கப் பாண்டிராஜும் இறங்கினான். செய்தவனே கடலில் தத்தளித்தான். ‘ஏறு’ என்று அடித்தாலும், எந்தப் பக்கம் போனாலும் ‘நாலாபுறமும் தண்ணீர்’ என்றே வந்தது.

படகில் மிச்சமிருந்தவள் தமிழ்வாணி மட்டும்தான். எத்தனை தடவை எந்தத் திசையில் திரும்பினோம் என்பது அவள் தலைக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அவர்களைக் கரைக்குக் கூட்டிப்போக அவளும் இறங்கினாள்.

“எல்லாரும் ‘வாணியைப் பின்தொடர்’னு அடிங்க. வேற எதையும் அடிச்சுத் தொலையாதீங்க.”

மேற்கே கொஞ்சம், தெற்கே கொஞ்சம், திரும்ப மேற்கே. வாத்துக் குஞ்சுகள் மாதிரி அத்தனை பேரும் அவள் பின்னால் நீந்தினார்கள். ‘நீ மணலில் நிற்கிறாய்’ என்று வந்ததும் யாரோ ‘குலவையிடு’ என்று அடிக்க, கரை முழுக்க ஒரே குலவை. தமிழ்வாணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பின்தொடர்ந்தவர்கள் ‘விலகு’ என்று அடித்தால்தான் தனியே போக முடியும். எல்லோரும் விலகினார்கள். அவள் தோப்புக்குப் போனாள். ‘பாண்டிராஜ் உன் பின்னால் வருகிறார்’ என்றது கணினி. மண்டபத்துக்குப் போனாள், அங்கேயும் வந்தான்.

“அண்ணே, விலகுன்னு அடிக்க மறந்துட்டீங்க.”

“மறக்கல” என்றான். “அண்ணேன்னு மட்டும் கூப்பிடாதீங்களேன்.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கீழே இருந்து அவள் அம்மா மலையம்மாள், “என்னத்தா, தனியாச் சிரிக்கிற?” என்று குரல் கொடுத்தாள்.

சில வாரம் பேசிப் பழகிய பிறகு, பாண்டிராஜ் சூடாகப் பருத்திப்பால் வாங்கிக்கொண்டு ஆரப்பாளையம் அலுவலகத்துக்கே வந்தான். எழுத்தில் வாயடித்தவனுக்கு நேரில் நாக்கு குழறியது. அதுவே அவளுக்குப் பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு வந்து பேசச் சொன்னாள்.

“கண்ணு தெரியாத புள்ளைய எப்படிப்பா வச்சுக் காப்பாத்துவ?” என்று கேட்டாள் மலையம்மாள்.

“அத்தே, நடுக்கடல்ல எங்க எல்லாரையும் காப்பாத்துனதே அவங்கதேன்.”

“கடலா? எந்தக் கடலு?”

விளக்கி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிட்டது. மலையம்மாளுக்கு விளையாட்டு புரியவில்லை. ஆனால் ‘அத்தே’ என்று உரிமையோடு கூப்பிட்டதில் பாதி இளகியிருந்தாள். மீதி, மகளின் சிரிப்பைக் கேட்டு இளகியது.

ஆவணியில் கல்யாணம். முகமே தெரியாத கூட்டாளிகள் எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வந்து பந்தியில் ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

இப்போது அவனியாபுரத்தில் விளையாட்டுக்குப் புதுக் கட்டளைகள் எழுதுவது தமிழ்வாணிதான். போன வாரம் ‘ஆடு’ என்று ஒன்று சேர்த்தாள். சந்தையில் நின்று காளை வாத்தியார்தான் முதலில் அடித்தார். அவர் ஆடவில்லை. எங்கிருந்தோ ஒரு வெள்ளாடு வந்து அவர் பக்கத்தில் நின்றது. மற்றவர்களும் அடிக்க, சந்தை கொள்ளாமல் ஆடுகள்.

“இதைச் சரி பண்ணட்டுமா?” என்றான் பாண்டிராஜ்.

“இருக்கட்டும் விடுங்க” என்று சொல்லிவிட்டு, அவளும் ‘ஆடு’ என்று அடித்தாள்.